இருநூறு இடங்களின் வரிசை

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



நான் தாம்பரத்துப் பிள்ளை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் ரயில்வேயின் ஊர். என் அப்பா இங்கே ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை பார்த்தார். மற்ற வீடுகளில் நிலம், நகை என்று பேசுவார்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பேசியது 'சீனியாரிட்டி லிஸ்ட்' என்ற பணிமூப்புப் பட்டியல் பற்றி. லிஸ்ட் ஒட்டிவிட்டார்களா, யாருக்கு மேலே யார், அடுத்த பதவி உயர்வுப் பேனலில் எத்தனை பேர் என்பதுதான் பேச்சு. அம்மாவுக்குக்கூட அப்பாவின் வரிசை எண் மனப்பாடம். குழந்தையாக இருந்தபோது அது எனக்கு அலுப்பாக இருந்தது. பிற்பாடு பொது நிர்வாகம் கற்பிக்க வந்தபோதுதான், ஒரு தொழிலாளியின் முப்பது ஆண்டு வாழ்க்கை, அவர் பெயர் அந்தத் தாளில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்று புரிந்தது.

இடஒதுக்கீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் ஊரில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் பேச்செல்லாம் சதவீதத்தைச் சுற்றியே வருகிறது. தமிழ்நாட்டின் 69 சரியா, 50 என்ற வரம்பு சரியா என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். அந்த விவாதம் தேவையானது, அதில் என் நிலைப்பாடு 69-இன் பக்கம். இன்று அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: சதவீதம் சட்டமன்றத்தில் முடிவாகிறது, வேலை வரிசையில் கிடைக்கிறது. எந்தப் பணியிடம் யாருக்கு, யாருக்கு முன்னால் யார், எத்தனை இடங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓர் அலுவலகப் பதிவேடு விடை சொல்கிறது. சட்டம் கொடுத்ததை அந்தப் பதிவேடு பாதியாக்கவும் முடியும், முழுதாகத் தரவும் முடியும். ஆகவே இடஒதுக்கீட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் அந்தப் பதிவேட்டைப் படிக்கக் கற்க வேண்டும்.

1. வரிசை பிறந்த கதை

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது. ஆணை வந்ததே தவிர, நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எல்லா வகுப்பாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் எந்த அதிகாரியும் 'கவனிக்கிறேன்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். அந்த அமைச்சரவைக் காலத்தில் வந்த அரசாணை பன்னிரண்டு பணியிடங்களை ஒரு சுற்றாக எடுத்துக்கொண்டது. அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்கள் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1. சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

முத்தையா முதலியாரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் செய்த காரியத்தின் நுட்பம் 'பன்னிரண்டு' என்ற அந்த எண்ணில் இருக்கிறது. 'வாய்ப்புத் தருக' என்ற நல்லெண்ணத்தை, 'இந்த இடம் இவருக்கு' என்ற கணக்காக மாற்றினார். அந்தக் கணக்கிலேயே குறையும் இருந்தது: பன்னிரண்டில் ஒன்றுதான் ஒடுக்கப்பட்டோருக்கு. 1947-இல் சுற்றைப் பதினான்காக்கி, ஆதிதிராவிடர்களுக்கு 2 இடங்கள் தந்தார்கள். பின்தங்கிய இந்துக்களுக்குத் தனியாக 2 இடங்கள் பிரித்தார்கள்.

இந்த வரிசை உச்ச நீதிமன்றத்துக்குப் போன கதையில் எல்லோருக்கும் தெரிந்தது செண்பகம் துரைராஜன் வழக்கு. அது கல்லூரிச் சேர்க்கை பற்றியது. அதே நாளில், 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி, அரசு வேலை பற்றி இன்னொரு தீர்ப்பும் வந்தது. வெங்கட்டரமணா என்பவர் மாவட்ட முன்சீப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். மொத்தம் 83 இடங்கள். அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11 என்று எல்லா இடங்களையும் பங்கிட்டிருந்தார்கள். நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. ஆனால் ஆதிதிராவிடர்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்கியதில் தவறில்லை, அரசமைப்பின் 16(4) பிரிவு அதற்கு இடம் தருகிறது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. கல்விக்கு 15(4) என்ற புதிய பிரிவைச் சேர்த்து அரசமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அரசு வேலைக்கு அந்த உரிமை முதல் நாளிலிருந்தே எழுதப்பட்டிருந்தது.

2. இன்றைய இருநூறு

இன்று தமிழ்நாட்டில் பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. கூட்டினால் நூறு. 1971-இல் 49 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 1980-இல் 68 ஆனதும், 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோர் தனியாகப் பிரிந்ததும், 1990-இல் பழங்குடியினருக்குத் தனியாக ஒன்று கிடைத்து 69 ஆனதும், 1994-இல் அதை அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்ததும் தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

26.5 பேரை நியமிக்க முடியாது. அரை ஆள் என்று ஒன்று இல்லை. அதனால்தான் நூறு இடச் சுழற்சி இருநூறு இடச் சுழற்சியானது. இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: பொதுப்பிரிவு 62, பிற்படுத்தப்பட்டோர் 53, முஸ்லிம்கள் 7, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 40, பட்டியல் சாதியினர் 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2. இருநூறு வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. இதைத்தான் 'இனச்சுழற்சி' என்கிறோம், அலுவலகப் பேச்சில் 'டர்ன்'. 'இப்போது எந்த டர்ன் ஓடுகிறது?' என்று கேட்டால் எந்த நிர்வாகப் பிரிவு எழுத்தருக்கும் புரியும். சென்ற முறை 37-ஆம் வரியில் நின்றிருந்தால் இந்த முறை 38-இல் தொடங்க வேண்டும்.

அப்படி ஒரு பதிவேட்டை முதல்முதலாகக் கையில் வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். நீளவாக்கில் திறக்கும் கெட்டி அட்டைப் பேரேடு. வரிசை எண், சுழற்சி எண், பிரிவு, நியமனம் பெற்றவர், சேர்ந்த நாள், குறிப்பு என்று பத்திகள். ஒரு வரியில் பெயர் இல்லை. பழங்குடியினருக்கான வரி அது. குறிப்புப் பத்தியில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று அழகான கையெழுத்து. புரட்டிக்கொண்டே போனேன். பல ஆண்டுகள் கழித்து அடுத்த பழங்குடியினர் வரி. அங்கும் அதே கையெழுத்து, அதே சொற்கள். அறிவிப்பு எங்கே வெளியானது, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டேன். கோப்பு இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. இந்த மாவட்டத்து எல்லைக்குள் நின்றுகொண்டு தகுதியானவர் கிடைக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், யாராவது ஒருவர் அந்தக் குடியிருப்பு ஒன்றுக்காவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அந்த இரண்டு வரிகளும் என்னை இன்றுவரை விடவில்லை.

நிரப்பாத இடம் காலாவதியாகக் கூடாது, பின்னடைவுப் பணியிடமாக அடுத்த ஆண்டுக்கு வர வேண்டும் என்பது விதி. அப்படி வந்த இடங்கள் அந்த ஆண்டின் ஐம்பது சதவீத வரம்புக்குள் அடங்காது, தனி வகையாகவே எண்ணலாம் என்று அரசமைப்பின் 81-ஆவது திருத்தம் 2000-இல் உறுதி செய்தது. ஆனால் பதிவேட்டில் எழுதப்படாத பின்னடைவை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது.

3. பொதுப்பிரிவு யாருக்கும் ஒதுக்கியதல்ல

31 சதவீதம் முன்னேறிய சாதியினருக்கு என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே நிறைய. அது எல்லோருக்குமான திறந்த போட்டி. முதலில் மதிப்பெண் வரிசையில் பொதுப்பிரிவை நிரப்ப வேண்டும். அதில் இடம் பிடிக்கும் பட்டியல் சாதிப் பெண் பொதுப்பிரிவு இடத்திலேயே வேலைக்கு வருகிறார், தன் பிரிவின் இடத்தைத் தொடுவதில்லை. அதன்பிறகே ஒதுக்கீட்டு இடங்கள்.

பின்னடைவு இடங்கள் இருக்கும்போது வரிசை எது என்று தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு எழுந்தது. மேல்நிலைப் பள்ளிகளின் முதுநிலை ஆசிரியர் நியமனத்தில், நல்ல மதிப்பெண் பெற்ற மிகப் பிற்படுத்தப்பட்டவர்களைப் பொதுப்பிரிவில் வைக்காமல் பின்னடைவு இடங்களில் வைத்துவிட்டார்கள். விளைவு என்ன? அந்தப் பிரிவில் அடுத்து நின்றவர்களுக்கு இடம் போயிற்று. ஷோபனா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரிசையைத் தெளிவாக்கியது: முதலில் பொதுப்பிரிவு, அடுத்துப் பின்னடைவு, அதற்கு அடுத்து நடப்பு ஒதுக்கீடு. சதவீதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எதை முதலில் நிரப்புவது என்பது மட்டும்தான் மாறியது. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அதில் அடங்கியிருந்தது.

நான் சொன்ன அதே பேரேட்டில் இன்னொரு பெயரையும் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் வயதான ஓர் ஊழியரை எல்லோரும் 'கோட்டாவில் வந்தவர்' என்றே சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். பேரேட்டில் அவர் பெயர் பொதுப்பிரிவு வரியில் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் அந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறார். அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். 'இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே ஐயா' என்றார். ஒதுக்கீட்டு இடத்தில் வந்திருந்தாலும் அவருக்குக் குறைவு ஒன்றுமில்லை, அதுவும் உரிமைதான். ஆனால் தன் வரி எது என்று ஓர் ஊழியருக்கே தெரியாமல் வைத்திருப்பது அநியாயம்.

4. பெண்களுக்கான இடங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதிப் பிரிவுகள் நெடுக்காக நிற்கும் ஒதுக்கீடு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ்வழியில் படித்தவர்கள் ஆகியோருக்கானது குறுக்காக ஓடும் ஒதுக்கீடு, எல்லாப் பிரிவுகளையும் ஊடுருவிச் செல்வது. பட்டியல் சாதியினருக்கு 19 இடங்கள், அதில் பெண்களுக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ராஜேஷ் குமார் டாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட எண்களே இவை. முதலில் மதிப்பெண்படி 19 பேரை எடுக்க வேண்டும். அதில் ஏற்கெனவே நான்கு பெண்கள் இருந்தால் மேலே ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு பேர்தான் இருந்தால், பட்டியலின் கடைசி ஆண்கள் இருவரை விலக்கி அடுத்த பெண்கள் இருவரைச் சேர்க்க வேண்டும். நான்கு பெண்களை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குப் போட்டி நடத்துவது வேறு கணக்கு, வேறு ஆட்கள் வருவார்கள். தேர்வு முடிவு வந்தபின் வழக்குத் தொடுக்கும் நம் பிள்ளைகளில் பலர் போராடுவது இந்த வேறுபாட்டுக்காகத்தான்.

5. எத்தனை இடங்களைச் சேர்த்து எண்ணுவது?

மத்திய அரசின் அகில இந்தியத் திறந்த போட்டித் தேர்வு நியமனத்தில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. பணியிடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், எங்கே பெருக்குத்தொகை ஒன்றைத் தாண்டுகிறதோ அந்த இடம் அந்தப் பிரிவுக்கு. நாலாவது இடத்தில் 27 சதவீதம் 1.08 ஆகிறது, ஆகவே நாலாவது இடம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது இடத்தில் 15 சதவீதம் 1.05, அது பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினர் பதினான்காவது இடம் வரை காத்திருக்க வேண்டும்.

ஆறு பேர் மட்டுமே உள்ள ஒரு துறையை நினைத்துப் பாருங்கள். அங்கே முதல் சுற்றில் பட்டியல் சாதியினருக்கு இடமே விழாது. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ளச் சொன்னபோது நாடெங்கும் ஆசிரியர்கள் கொதித்தெழுந்தது இந்தக் கணக்கால்தான். 15 சதவீதம் 15 சதவீதமாகவே தாளில் இருந்தது. துறைகளாகத் துண்டு போட்டதில் இடங்கள் காணாமல் போயின. 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்று ஆக்கியது.

தமிழ்நாட்டுச் சுழற்சி ஆண்டுதோறும் தொடர்ந்து ஓடுவதால் சிறிய பிரிவுகளின் முறை என்றாவது வரும். என்றைக்கு என்பதுதான் கேள்வி. இருநூறில் இரண்டு என்றால் நூறு நியமனத்துக்கு ஒரு பழங்குடியினர். ஆண்டுக்கு நான்கு பேரை எடுக்கும் பதவியில் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். ஓர் இருளர் பெண் பட்டம் முடித்து வரும்போது அந்த வரி இரண்டு ஆண்டுக்கு முன்புதான் கடந்து போயிருந்தால், அடுத்த முறை வருவதற்குள் அவர் மகள் பட்டம் பெற்றுவிடுவார். அந்த இரண்டு வரிகளில் 'கிடைக்கவில்லை' என்று எழுதியதை நான் ஏன் மறக்க முடியவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

6. பதவி உயர்வு: நம் ரயில்வேயில் தொடங்கிய வழக்கு

பதவி உயர்வில் இடஒதுக்கீடு உண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலாக விடை சொன்ன வழக்கு தெற்கு ரயில்வேயில் பிறந்தது. 'பொது மேலாளர், தெற்கு ரயில்வே எதிர் ரங்காச்சாரி' என்பது வழக்கின் பெயர். 1959-இல் ரயில்வே வாரியம் தேர்வு மூலம் நிரப்பும் உயர் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்று சுற்றறிக்கை விட்டது. நீதிமன்ற ஆய்வாளர் என்ற பதவியில் இருந்த ரங்காச்சாரி அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1961 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. உள்ளே நுழைய மட்டும் கதவைத் திறந்துவிட்டு மாடிப்படியை மூடிவைத்தால் அது போதிய பிரதிநிதித்துவம் ஆகாது என்பதே அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரமாக நான் புரிந்துகொண்டது.

முப்பத்தொரு ஆண்டுகள் அது நிலைத்தது. 1992 நவம்பர் 16-இல் வந்த இந்திரா சாஹ்னி தீர்ப்பு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மண்டல் குழு பரிந்துரைத்த 27 சதவீதத்தை ஏற்றுக்கொண்ட அதே கையோடு, 16(4) பதவி உயர்வுக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. 1995-இல் நாடாளுமன்றம் 77-ஆவது திருத்தத்தின் மூலம் 16(4ஏ) என்ற பிரிவைச் சேர்த்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் அந்த உரிமையை மீட்டது.

அதோடு முடிந்ததா? இல்லை. அடுத்த சண்டை வரிசையைப் பற்றியது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு முழுக்க இதுதான்.

ரயில் கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சி கிரேடு, பி கிரேடு, ஏ கிரேடு, அதற்கு மேல் ஏ ஸ்பெஷல். சி கிரேடில் பத்தாவதாக நிற்கும் பட்டியல் சாதி கார்டு ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தில் முன்னதாக பி கிரேடுக்குப் போகிறார். அவருக்கு மேலே இருந்த பொதுப்பிரிவுக்காரர் இரண்டு ஆண்டு கழித்து பி கிரேடுக்கு வருகிறார். இப்போது பி கிரேடில் யார் மூத்தவர்? முன்னதாக வந்தவரா, பழைய பட்டியலில் மேலே இருந்தவரா? ஏ கிரேடு இடம் காலியாகும்போது யாரைக் கூப்பிடுவது என்பது இதற்கான விடையில் இருக்கிறது. 1995-இல் வீர்பால் சிங் சௌஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னால் வந்தவர் தன் பழைய மூப்பை மீண்டும் பெறுவார் என்றது. அதாவது ஒதுக்கீட்டில் ஒரு படி ஏறியவர், அடுத்த படிக்கு அதே மூப்பைப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு படியிலும் அவர் மறுபடி பின்னுக்குப் போவார்.

இதை நியாயம் என்று வாதிடுபவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. தனக்குக் கீழே இருந்தவர் தனக்கு அதிகாரியாக வரும்போது ஏற்படும் மனக்கசப்பை என் அப்பாவின் நண்பர்களிடம் கண்டிருக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். துப்புரவுப் பணியில் பட்டியல் சாதியினர் தங்கள் பங்குக்கு மிக அதிகமாகவே இருக்கிறார்கள். படி ஏற ஏறக் குறைகிறார்கள். வயது வரம்புச் சலுகையால் தாமதமாக வேலைக்கு வருபவர்களும் அவர்களே, ஆகவே மேல் படியை எட்டுவதற்குள் ஓய்வு வயது வந்துவிடுகிறது. மூப்பு இல்லாத பதவி உயர்வு அவர்களை ஒரு படியோடு நிறுத்திவிடும். 2001-இல் 85-ஆவது திருத்தம் பதவி உயர்வோடு மூப்பும் சேர்ந்தே வரும் என்று எழுதி, அதை 1995 ஜூன் 17 முதல் செல்லும்படி ஆக்கியது.

2006-இல் நாகராஜ் தீர்ப்பு இந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது, ஆனால் அரசு தரவு காட்ட வேண்டும் என்றது. 2018-இல் ஜர்னைல் சிங் வழக்கில், பட்டியல் சாதியினரின் பின்தங்கிய நிலைக்குத் தனியாகத் தரவு வேண்டாம், பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்குத் தரவு வேண்டும் என்றார்கள். 2022 ஜனவரியில் அந்தத் தரவை ஒவ்வொரு பணிநிலைக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும் என்று முடிவானது. கர்நாடகம் ஒரு குழு அமைத்துத் தரவு திரட்டி 2019-இல் தன் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம்? ஒவ்வொரு பணிநிலையிலும் யார் எத்தனை பேர் என்று எழுதிவைத்த பதிவேட்டிடம்தான். அதை ஒழுங்காக வைத்திருக்கும் அரசு நீதிமன்றத்தில் வெல்லும்.

7. தமிழ்நாட்டின் தனிச் சிக்கல்

69 சதவீதம் கொண்ட நம் மாநிலத்தில் பதவி உயர்வுக்கு இடஒதுக்கீடு இல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம் இனச்சுழற்சி நேரடி நியமனத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் நம்மிடம் வேறொரு வழி இருந்தது. நியமனப் பட்டியலில் சுழற்சி எண் எதுவோ, அதுவே பணிமூப்பு என்று பொதுவிதிகள் சொல்லின. இளநிலை உதவியாளராகச் சுழற்சியில் மூன்றாவது வரியில் வந்தவர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று மேலே போகும்போதும் மூன்றாவதாகவே நின்றார். சட்டப்புத்தகத்தில் இல்லாத பதவி உயர்வு ஒதுக்கீட்டின் வேலையை இந்த வரிசை ஓரளவு செய்தது.

2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்வின் மதிப்பெண் வரிசையே மூப்பு என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. உடனே 2016-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டம் வந்து, சுழற்சி மூப்பை மீண்டும் நிலைநாட்டப் பார்த்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதன் தொடர்புடைய பிரிவுகளை ரத்து செய்தது.

இந்தச் சிக்கலில் முன்னேறியவர், பின்தங்கியவர் என்று இரண்டே கட்சிகள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் படித்துப் பொதுப்பிரிவில் பத்தாம் ரேங்கில் தேர்வான பிற்படுத்தப்பட்ட பெண்ணை எண்ணிப் பாருங்கள். பொதுப்பிரிவு வரிகள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றுதான் வருகின்றன. ஆகவே அவர் சுழற்சியில் முப்பதாம் வரிக்கருகே போய் உட்காருவார். அவர் பிரிவிலேயே குறைந்த மதிப்பெண் பெற்ற இன்னொருவர் நாலாம் வரியில் மூத்தவர் ஆகிவிடுவார். திறமைக்குக் கிடைத்த பரிசு பணிமூப்பில் பின்னடைவு என்றால் அதைச் சரி என்று நான் எப்படிச் சொல்வேன்? அதே சமயம், சுழற்சி மூப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் மேல் பதவிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அருகிப் போவார்கள். ஒப்பேற்றும் ஏற்பாட்டை நம்பியிருக்காமல், 16(4ஏ)-இன்படி நேரடியாகவே சட்டம் இயற்றி, பணிநிலை வாரியாகத் தரவு திரட்டி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீடு தருவதே நேர்வழி. இடஒதுக்கீட்டுக்கு முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலம் இந்த ஒரு காரியத்தில் பின்தங்கி நிற்பது எனக்கு வேதனை தருகிறது.

8. பதிவேட்டுக்கு வெளியே

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் இருபத்தைந்து வயது இளம்பெண் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அன்று இந்த ஊரே மகிழ்ந்தது. அது தேர்தல் ஒதுக்கீடு, நாம் பேசும் பணி ஒதுக்கீடு வேறு. ஆனால் அந்த மாநகராட்சியின் வேலைகள் எத்தனை நிரந்தரப் பணியிடங்களாக இருக்கின்றன என்ற கேள்வியை அதோடு சேர்த்தே கேட்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுத்தால் அது அரசு நியமனம் ஆகாது. நியமனம் இல்லையேல் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லையேல் சுழற்சியும் இல்லை, மூப்பும் இல்லை. மத்திய அரசில் நாற்பத்தைந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு என்று உத்தரவு இருக்கிறது. ஒப்பந்த நிறுவனம் நடுவில் வந்துவிட்டால் அந்த உத்தரவுக்கும் வேலையில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு துப்புரவுப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான்: எங்கள் பகுதியைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரம் செய். தலைமுறை தலைமுறையாக அந்தப் பணியைச் செய்தவர்களுக்கு அரசுப் பதிவேட்டில் ஒரு வரி கிடைக்கும் வாய்ப்பு வரும் நேரத்தில் அந்தப் பதிவேட்டையே மூடுவது கொடுமை.

இளைஞர்கள் என்ன செய்யலாம் என்று உரைக்குப் பிறகு மாணவி ஒருவர் கேட்டார். மேடையில் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். உங்கள் ஊரில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தை, ஒரே ஒரு பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். அந்தப் பதவியில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை? சுழற்சி இப்போது எந்த எண்ணில் நிற்கிறது? கடந்த பத்து ஆண்டில் ஒவ்வொரு எண்ணும் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதியில் நிரம்பியது? பின்னடைவு இடங்கள் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து? இதே வேலையை ஒப்பந்தத்தில் செய்பவர்கள் எத்தனை பேர்? யாருடைய பெயரையும் கேட்காதீர்கள். பெயரைக் கேட்டால் தனிமனிதத் தகவல் என்று மறுக்க இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள். எண்ணும் பிரிவும் தேதியும் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வந்தால், அந்த ஆண்டு வெளியிட்ட அறிவிப்பின் நகலைக் கேட்டு அன்றைக்கே அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.